பிக்கப் மைலேஜ் 13-லிருந்து 10: டிரைவர் அண்ணனிடம் கேட்கும் முன் சரியாக அளப்பது எப்படி?

தண்டையார்பேட்டை பிக்கப்:

வணக்கம். எங்களிடம் 2021-இல் வாங்கிய பிக்கப் ஒன்று இருக்கிறது. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி), 1.3 டன் ஏற்றலாம். ஓட்டுவது மீன் லோடு. விடியற்காலை காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் பெட்டிகளை ஏற்றி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி, மாதவரம் வழியாகச் செங்குன்றம் போய், அங்கிருந்து காரனோடை, கும்மிடிப்பூண்டி வரை கடை கடையாக இறக்கிவிட்டு மதியத்துக்குள் வண்டி திரும்பிவிடும்.

அப்பா இருந்தவரை கணக்கெல்லாம் அவர்தான். போன வருஷம் தவறிவிட்டார். இப்போது நான் பார்க்கிறேன். எனக்கு வேறு வேலையும் இருப்பதால் வண்டியோடு போவதில்லை. ஓட்டுகிற அண்ணன் ஒன்பது வருஷமாக எங்களிடம்தான் இருக்கிறார். தங்கச்சி கல்யாணத்தில் கடைசிப் பந்தி முடியும்வரை சாப்பிடாமல் நின்றவர்.

மே மாதம் மைலேஜ் பார்த்தபோது லிட்டருக்கு 13.2 வந்தது. ஜூலையில் அதே மாதிரி பார்த்தால் 10.1. மாதம் 2,400 கி.மீ. ஓடுகிறது. கணக்குப் போட்டால் 56 லிட்டர் கூடுதலாகப் போகிறது. லிட்டர் 92 ரூபாய் சொச்சம், அப்படியானால் மாதம் ஐயாயிரத்துக்கு மேல். தெருவில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: டீசலை உறிஞ்சி விற்கிறார். அம்மா மட்டும், "அவன்கிட்ட அத கேட்டுடாதடா" என்கிறாள்.

நான் அளப்பது இப்படி: 2,000 ரூபாய்க்கு டீசல் போட்டதும் டிரிப் மீட்டரை ஜீரோ செய்வேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் ரீடிங் பார்த்து, பில்லில் உள்ள லிட்டரால் வகுப்பேன். இது சரியா? கம்பெனி சொன்ன மைலேஜ் இதைவிட அதிகம். கேட்டுவிட்டு அப்புறம் தப்பென்று தெரிந்தால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் முதலில் இங்கே கேட்கிறேன்.


மாதவரம் லாரி:

3 கி.மீ. ஒரேயடியாகக் குறைந்தால் டீசல் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். டேங்க் மூடிக்குப் பூட்டு போடுங்கள், ஜிபிஎஸ் மாட்டுங்கள். வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் தெரிந்துவிடும். ஒன்பது வருஷப் பழக்கம் எல்லாம் இதில் பார்க்க முடியாது.


காசிமேடு நோட்டு:

தம்பி, இன்னும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இன்னும் ஒரு மாதத்துக்குக் கேட்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2011-இல் நான் ஒருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். இதே காசிமேடு, இதே கும்மிடிப்பூண்டி லைன். 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 11.3-க்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் வசூலை எண்ணிக் கொடுக்கும்போது, நாலு பேர் எதிரில், "மிச்ச டீசலை எங்கபா எறக்குறே?" என்று முதலாளி கேட்டார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் டீசல் எங்கே போகிறது என்று எனக்கும் புரியவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, எனக்குப் பதிலாக ஓட்ட வந்த பையனோடு கிளீனர் மாதிரி ஏறிப் போனேன். செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோட்டில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே வந்தேன் (அப்போது என்எச் 5 என்போம், இப்போது என்எச் 16). 20 கி.மீ. தாண்டியபோது வண்டியின் மீட்டர் 18.8 என்றது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் முதலாளி பின்னால் நான்கும் பழைய அளவைவிட உயரமான டயராக மாற்றியிருந்தார். லோடு ஏற்றினால் தாங்கும் என்று. மீட்டருக்குத் தூரம் தெரியாது. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற சுற்று எத்தனை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். டயர் 6 சதவீதம் பெரிதானால் அதே தூரத்துக்குச் சுற்று கிட்டத்தட்ட 6 சதவீதம் குறையும். 12-இல் 6 சதவீதம் கழித்தால் 11.3. ஒரு சொட்டு டீசல்கூட எங்கேயும் போகவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "சரி, நாளைக்கு வா" என்றார். நான் போகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, எந்த வண்டி ஓட்டினாலும் நோட்டு போடாமல் ஓட்டுவதில்லை. இப்போது சொந்த வண்டிதான். ஏழாவது நோட்டு ஓடுகிறது.

இனி உங்கள் கணக்கு. உங்கள் 13.2-உம் சரி, 10.1-உம் சரி, இரண்டையும் நம்பாதீர்கள். சிவப்பு விளக்கு அளவுகோல் இல்லை. டேங்குக்குள் மிதவை இருக்கிறது. மேடு, பள்ளம், பிரேக், பின்னால் லோடு எல்லாவற்றுக்கும் அது ஆடும். ஒரு தடவை 7 லிட்டர் இருக்கும்போது எரியும், அடுத்த தடவை 5 லிட்டரில் எரியும். நீங்கள் போட்டதோ 21 லிட்டர் சொச்சம். அதில் 2 லிட்டர் தடுமாறினால் 10 சதவீதம் போயிற்று.

டேங்க் நிரப்பித்தான் அளக்க வேண்டும். முதல் நாள் ஆட்டோ கட் ஆகும்வரை, அதாவது டேங்க் நிறைந்து பங்க் குழாய் தானாக நிற்கும்வரை, நிரப்புங்கள். ரீடிங் எழுதுங்கள். பாதிக்கு மேல் காலியாகும்வரை ஓட்டுங்கள். மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் நடுவில் எரிந்தது. இதில் இருக்கும் சூட்சுமம் எல்லாம் நிரப்புகிற விதத்தில்தான். ஒரே பங்க், ஒரே குழாய். வண்டி ஒரே திசையில், சமதளத்தில் நிற்க வேண்டும். லோடு இறக்கிய பிறகு போடுங்கள், ஏனென்றால் 1 டன் ஏறினால் பின்பக்கம் தணிந்து டேங்க் சாய்ந்துவிடும், மேலே காற்று தங்கும். டீசல் நுரைக்கும், நுரை தொட்டாலும் குழாய் கட் ஆகும். அதனால் முதல் கட் ஆனதும் ஒரு நிமிஷம் பொறுத்து, இன்னொரு தடவை மெதுவாக விடச் சொல்லி, இரண்டாவது கட்டில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். போடுகிற பையன் "ரவுண்டா போட்டுடவா?" என்று கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். 3,286 ரூபாய் என்றால் 3,286-ஆகவே இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் ஆட்டோ கட் அரை லிட்டர், சமயத்தில் ஒரு லிட்டர்கூட மாறும். 10 லிட்டர் போட்டு அளந்தால் அந்த ஒரு லிட்டர் 10 சதவீதம். 12 கொடுக்கிற வண்டி 11 என்றும் காட்டும், 13 என்றும் காட்டும். 37 லிட்டர் போட்டால் அதே தவறு 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, ஐந்து டேங்க் தொடர்ந்து எழுதினால் தவறு ஐந்து மடங்காகாது. இந்த டேங்கில் குறைவாகப் பிடித்தது அடுத்த டேங்கில் கூடுதலாகப் பிடித்துச் சரியாகிவிடும். முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டும்தான் தவறைக் கொடுக்கும், நடுவில் இருப்பது கழிந்துவிடும். அதனால்தான் ஒரு மாதம் பொறுங்கள் என்கிறேன். ஒரே டேங்கை வைத்து யாரையும் எதுவும் சொல்ல முடியாது.

சராசரி எடுக்கும்போது நிறைய பேர் தப்புச் செய்கிறார்கள். ஒரு டேங்க் 300 கி.மீ., 20 லிட்டர், மைலேஜ் 15. அடுத்தது 300 கி.மீ., 30 லிட்டர், மைலேஜ் 10. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 12.5 என்பார்கள். அது தப்பு. மொத்தம் 600 கி.மீ., மொத்தம் 50 லிட்டர், ஆக 12. கிலோமீட்டரைத் தனியாகக் கூட்டுங்கள், லிட்டரைத் தனியாகக் கூட்டுங்கள், கடைசியில் ஒரு தடவை மட்டும் வகுங்கள்.

இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி. மே மாதம் 13.2, ஜூலையில் 10.1 என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக் காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் அந்த நாட்களில் ஃபைபர் போட்டுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். அப்படியானால் மே மாதம் உங்கள் வண்டி எதை ஏற்றியது? தடை முடிந்து படகுகள் திரும்பியதும் பெட்டி பெட்டியாக வரும். மீனுக்குச் சரிபாதி ஐஸ் போடுகிறோம், தண்ணீரையும் சேர்த்துத்தான் சுமக்கிறோம். என் நோட்டில் காலி வண்டி ஹைவேயில் 15 வரை போயிருக்கிறது. முழு லோடில் ஊருக்குள் 10-ஐத் தாண்டியதில்லை. மே மாதத்தையும் ஜூலையையும் நம் தொழிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஜூலையைப் போன வருஷ ஜூலையோடுதான் பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய கணக்கு நோட்டு வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள்.

அப்புறம் நிற்கிற நேரம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ராத்திரி டோல்கேட் பக்கம் டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பி, 3 கி.மீ. தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டேன். 5 மணி நேரம். பத்தடி நகரும், நிற்கும், எஞ்சினை அணைக்கவும் முடியாது. விடிந்ததும் அதே பங்க்குக்கே திரும்பி, அதே குழாயில் நிரப்பினேன். 4 லிட்டர் பிடித்தது. போக வர 6 கி.மீ.க்கு அரை லிட்டர் தள்ளினால் மூன்றரை. மணிக்கு 0.7 லிட்டர். அந்த நேரத்துக்குக் கிலோமீட்டர் பூஜ்ஜியம். மைலேஜ் என்று கி.மீ.யை லிட்டரால் வகுத்துக்கொண்டே இருந்தால் இந்த 0.7 எங்கேயும் தெரியாது, டிரைவர் தலையில்தான் வந்து விழும். அதனால் நோட்டில் நின்ற நேரத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். மற்றபடி தேதி, ரீடிங், லிட்டர், என்ன லோடு, திரும்பும்போது காலியா, யார் ஓட்டியது, அவ்வளவு போதும்.

மீட்டரையும் ஒரு தடவை சரிபாருங்கள். செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை போய் வரும்போது போனில் ஜிபிஎஸ் தூரத்தைப் பதிவு செய்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். புது டயரில் 8 மி.மீ. பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு) இருக்கும், தேய்ந்து 2 மி.மீ. ஆனால் சக்கரம் சிறிதாகி, மீட்டர் 2 சதவீதம் அளவுக்குக் கூட்டிக் காட்டும். தேய்ந்த டயரில் மைலேஜ் நன்றாக இருப்பதுபோலத் தெரிவது இதனால்தான்.

பங்க் மேல் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவை கேளுங்கள். சட்டமுறை எடையளவுத் துறை முத்திரை போட்ட பாத்திரம் எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் நம் கண்ணெதிரே அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மி.லி. வரை கூடக் குறைய இருக்கலாம். அதாவது அரை சதவீதம். உங்கள் 3 கி.மீ. வித்தியாசத்துக்கு அது போதாது.

கம்பெனி சொல்கிற மைலேஜைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் பிக்கப் அளவு வண்டிகளை ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் நிறுத்தி, சுமார் 20 நிமிடம், ஒரே மாதிரி வேகப் பட்டியலில் ஓட்டி அளப்பது அது. வைக்கும் எடை கிட்டத்தட்ட காலி வண்டியின் எடை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட நல்லது. காசிமேட்டு லோடுக்கு அது பதில் சொல்லாது.

நோட்டை நீங்கள் வைத்துக்கொண்டு அவரை ஆராயாதீர்கள். வண்டியில் வையுங்கள், அவரையே எழுதச் சொல்லுங்கள். "அண்ணா, வண்டி டீசல் ஜாஸ்தி குடிக்குது, எங்கன்னு சேர்ந்து பாப்போம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. ஒரு நாள் நீங்களும் அவரோடு ஏறிப் போய் வாருங்கள்.


எர்ணாவூர் பட்டறை:

நோட்டு அண்ணன் சொன்னது எல்லாம் சரி. வண்டியையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். மீன் வண்டி என்றால் நான் முதலில் குனிந்து பார்ப்பது பின் சக்கரத்தைத்தான்.

பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேரே பின் அச்சின் மேல்தான் விழுகிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்து, இழுத்தால் இழுக்கும், விட்டால் முழுசாகத் திரும்பாது. பிரேக் லைனரை உரசிக்கொண்டே டிரம் சுற்றும். ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது, ஏனென்றால் ஒரே நாளில் வருவதில்லை. 15, 20 கி.மீ. ஓட்டி, கடைசியில் அழுத்திப் பிரேக் பிடிக்காமல் மெதுவாக உருட்டி நிறுத்துங்கள். நாலு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். லோடு வண்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு, கையேட்டில் போட்டிருக்கும். மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டது, எஞ்சின் சூடாகாமல் டீசலைத் தின்னும்.

பிஎஸ்-6 என்பதால் இன்னொன்று. புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் நிறைந்தால், அதை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதலாக டீசல் விடும். நின்று நின்று போகிற வண்டிக்கு இது அடிக்கடி வரும், பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் டீசல் ஆயிலில் கலக்கிறது, உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.


மணலி டேங்க் பார்ம்:

எரிபொருள் சேமிப்புக் கிடங்கில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விடியற்காலையில் போட்டால் டீசல் அதிகம் கிடைக்கும் என்று நிறைய டிரைவர்கள் நம்புகிறார்கள். டீசல் ஒரு டிகிரிக்கு 0.08 சதவீதம் அளவுக்கு விரியும். 40 லிட்டரில் 10 டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர். ஆனால் பங்க்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருப்பதால் அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் அவ்வளவு மாறாது. உங்கள் வண்டி டேங்கில்தான் மாறும். வெயிலில் நின்ற வண்டியில் மிச்சமிருக்கும் டீசல் விரிந்து இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்த நேரம் என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

டீசலின் அடர்த்தியும் பங்க்குக்கு வரும் டேங்கர் லோடுக்கு லோடு கொஞ்சம் மாறும். பங்க்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள், அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம். அடர்த்தி கூடினால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றலும் கொஞ்சம் கூடும். ஆனால் 13-ஐ 10 ஆக்கும் அளவுக்கு நிச்சயம் இல்லை.


தண்டையார்பேட்டை பிக்கப்:

ஒரு மாதம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன், எண்களை எழுதுகிறேன்.

முதலில் நோட்டு அண்ணனின் கேள்விக்குப் பதில். மே மாதம் மீன் இல்லாததால் வண்டி மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அட்டைப்பெட்டி அடித்திருக்கிறது. பெட்டி வண்டி கொள்ளாமல் இருக்கும், எடை முந்நூறு கிலோகூட வராது. காசிமேட்டுப் பக்கமே போகவில்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை, வாடகைப் பணம் என் கையில்தான் வந்தது. மைலேஜோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பாவின் நோட்டு பரணில் கிடைத்தது. அவரும் 2,000 ரூபாய்க் கணக்குதான் போட்டிருக்கிறார். ஆனால் மூன்று வருஷமும் ஜூலை, ஆகஸ்டில் 11, 11.5 என்றுதான் எழுதியிருக்கிறார். 13 என்பது எங்கேயும் இல்லை.

அண்ணனிடம் நீங்கள் எழுதிய வார்த்தையையே சொன்னேன். அவர் உடனே, "நானே சொல்லணும்னு இருந்தேன், வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றார். எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

முதல் டேங்க் 396 கி.மீ., 38.9 லிட்டர், 10.2. இரண்டாவது 431 கி.மீ., 36.2 லிட்டர், 11.9. அந்த வாரம் வரத்து குறைவு, இரண்டு நாள் பாதி லோடுதான். மூன்றாவது 342 கி.மீ., 35.4 லிட்டர், 9.7. அந்த வாரம் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை. அண்ணன் எழுதி வைத்த நின்ற நேரம் மட்டும் 7 மணி நேரம். 0.7 வீதம் 4.9 லிட்டர் கழித்துப் பார்த்தேன், 11.2 வருகிறது. அந்த வாரத்தில் ஒரு நாள் நானும் ஏறிப் போனேன். மூன்றரை மணிக்குக் கிளம்பி, மீன் பெட்டி ஏற்றி, துறைமுக வார்ஃப் கேட்டிலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை அணைத்து அணைத்துப் போடுவது அவருக்குப் பழக்கம். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவன் சத்தம் போடுவான் என்பதால் பாதி நேரம் அணைக்க முடியவில்லை. நேரில் பார்த்தேன்.

மூன்று டேங்க்கும் சேர்ந்து 1,169 கி.மீ., 110.5 லிட்டர், 10.6.

அன்றைக்கே செங்குன்றத்தில் நிறுத்திச் சக்கரங்களைப் பார்த்தோம். பின் இடது பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல். மற்ற மூன்றும் சாதாரணமாக இருந்தன. பட்டறை அண்ணன் சொன்னது போலவே ஹேண்ட்பிரேக் கேபிள். உறைக்குள் துரு, கழற்றியதும் ஒரு பக்கம் பொடியாகவே கொட்டியது. கேபிள் இரண்டையும் மாற்றி, டிரம்மைச் சுத்தம் செய்து, லைனர் போட்டோம். பலகை இடுக்கில் ரப்பர் பட்டை அடித்து, தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே போகிற மாதிரி செய்திருக்கிறோம். அது அண்ணனின் யோசனை.

அதற்கு அப்புறம் நாலாவது டேங்க் 418 கி.மீ., 36.1 லிட்டர், 11.6. ஐந்தாவது 447 கி.மீ., 37 லிட்டர், 12.1. இரண்டும் சேர்ந்து 865 கி.மீ., 73.1 லிட்டர், 11.8. லோடு முழு லோடுதான். மீட்டரையும் போனோடு ஒப்பிட்டேன், போன் 48 கி.மீ. என்றால் மீட்டர் 48.9 என்கிறது. டயர் தேய்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் உண்மையில் 11.6 அளவுக்கு இருக்கும்.

மாதவரம் அண்ணா, பூட்டு போடவில்லை. ஜிபிஎஸ்ஸும் வாங்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பிரேக் சரிசெய்த பிறகு இரண்டு டேங்க்தான் ஆகியிருக்கிறது. அந்த 11.8-ஐ இப்போதே நம்பலாமா? அடுத்த மாதம் டயர் நாலும் மாற்ற வேண்டும், அப்புறம் கணக்கு எப்படி ஒட்டும்?


காசிமேடு நோட்டு:

தம்பி, இரண்டு டேங்க் என்றால் 73 லிட்டர். முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் சேர்த்து ஒரு லிட்டர் தவறு என்று வைத்தாலும் ஒன்றரை சதவீதத்துக்குள்தான். 11.6-லிருந்து 12 வரை எங்கேயோ இருக்கிறது. 10.6 இல்லை என்பது நிச்சயம். இன்னும் மூன்று டேங்க் எழுதுங்கள். மழைக் காலம் வருகிறது, மழை நாளைத் தனியாகக் குறியுங்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் இழுவை கூடும், மைலேஜ் இறங்கும், அதைப் பார்த்து மறுபடி பயப்பட வேண்டாம்.

டயர் மாற்றுவதற்கு முந்தைய நாள் ஆட்டோ கட் வரை நிரப்பி நோட்டில் கோடு போட்டுவிடுங்கள். புது டயரில் அதே செங்குன்றம், கும்மிடிப்பூண்டி ரோட்டில் போனோடு மறுபடி ஒப்பிட்டு, வருகிற வித்தியாசத்தைக் கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். வண்டிக்குப் போட்ட அதே அளவு டயரே வாங்குங்கள். கேபிளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிரீஸ். தண்ணீர்க் குழாய் வேலையை உங்கள் அண்ணன் எப்படிச் செய்தார் என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள், என் வண்டிக்கும் அது வேண்டும்.